எண்ணிம வகுப்பு ஒப்படைப்பு

எண்ணிம வகுப்பு ஒப்படைப்பு என்பது ஆசிரியர் தரும் பயிற்சி, கட்டுரை, செயல்திட்டம் முதலிய பணிகளைக் கணினி, செல்லிடத் தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் துணையுடன் மாணவர்களுக்கு வழங்கி, அவர்கள் செய்து முடித்தவற்றைப் பெற்று, திருத்தி, திருப்பித் தரும் முறையாகும். இது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தொலைதூரக் கல்வியிலும் பயன்படுகிறது.

இம்முறையில் வழங்குதல், பெறுதல் என இரண்டு பகுதிகள் உள்ளன. வழங்குதல் ஒருவரிடமிருந்து பலருக்குச் செல்வது. அச்சு, அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய ஊடகங்கள் அனைத்தும் அதனை எளிதாகச் செய்யவல்லவை. பெறுதல் பலரிடமிருந்து ஒருவருக்கு வருவது. ஒவ்வொரு மாணவரின் கையிலும் ஒரு வழி இருந்தால்தான் அது நிறைவேறும். எனவே ஒப்படைப்பு முறை ஒன்றின் தரம் அது எத்தனை பேருக்கு வினாவைக் கொண்டு சேர்க்கிறது என்பதைவிட, எத்தனை பேரிடமிருந்து விடையைப் பெற்றுத் திருத்தித் திருப்பித் தருகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தை, சிறப்பாகக் கடலூர், சிதம்பரம் ஆகிய நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

சொற்பயன்பாடு

தமிழ்நாட்டில் கல்லூரி அளவில் ஒப்படைப்பு என்றும், பள்ளி அளவில் வீட்டுப்பாடம், செயல்திட்டம் என்றும் இப்பணிகள் வழங்கப்படுகின்றன. இலங்கைத் தமிழில் ஒப்படை என்னும் சொல் வழங்குகிறது. பேச்சு வழக்கில் அசைன்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லே மிகுதி. இவற்றுள் ஒப்படைப்பு என்னும் சொல் பொருத்தமானது. ஆசிரியர் பணியை மாணவரிடம் ஒப்படைக்கிறார், மாணவர் முடித்த பணியை ஆசிரியரிடம் ஒப்படைக்கிறார் என இரு திசைகளையும் அது குறிக்கிறது.

ஒப்படைப்பின் சுற்று

தாளில் செய்தாலும் கணினியில் செய்தாலும் ஒப்படைப்பு பின்வரும் படிகளைக் கொண்ட ஒரு சுற்றாகும்.

1. வழங்குதல்: பணி, அதன் அளவு, மதிப்பெண், இறுதி நாள் ஆகியவற்றை அறிவித்தல்.
2. செய்தல்: மாணவர் பணியைச் செய்தல், ஐயம் கேட்டல்.
3. பெறுதல்: முடித்த பணி ஆசிரியரை வந்தடைதல்.
4. ஒப்புகை: பணி வந்து சேர்ந்ததை மாணவருக்கு உறுதிப்படுத்தல்.
5. திருத்துதல்: பிழை சுட்டல், கருத்துரை, மதிப்பெண்.
6. திருப்பித் தருதல்: திருத்திய பணி மாணவரிடம் மீளுதல்.

மரபான வகுப்பறையில் இப்படிகள் தனித்தனியாகத் தெரிவதில்லை. வகுப்புத் தலைவர் குறிப்பேடுகளைத் திரட்டி ஆசிரியரின் மேசையில் அடுக்குவார். யாருடைய குறிப்பேடு குறைகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மறுநாள் சிவப்பு மைத் திருத்தங்களுடன் அவை திரும்பி வரும். எண்ணிம முறைக்கு மாறும்போது இவ்வாறு தாமாக நடந்தவற்றை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதாகிறது. நான்காம் படியும் ஆறாம் படியுமே பெரும்பாலும் விடுபடுகின்றன.

அஞ்சல்வழி முன்னோடி

ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் இல்லாதபோது ஒப்படைப்பு எவ்வாறு நடைபெறும் என்பது கணினிக்கு முற்பட்ட கேள்வி. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1929 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979 ஆம் ஆண்டில் தன் தொலைதூரக் கல்வி இயக்ககத்தை நிறுவியது. அச்சிட்ட பாடங்கள் அஞ்சல் வழியாக மாணவர்களின் ஊர்களுக்குச் சென்றன. நேரில் கல்லூரிக்கு வர இயலாத அலுவலர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனப் பலர் இவ்வழியில் பயின்றனர். இப்பல்கலைக்கழகம் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் வந்தது.

1985 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பு இறுதி மதிப்பெண்ணின் ஒரு பகுதியாகவே அமைந்தது. வினாத்தாளை மாணவர் பெற்று, கையால் விடையெழுதி, தம் கற்கை மையத்தில் கொடுக்க வேண்டும். பொறுப்பாசிரியர் அதைத் திருத்திக் கருத்துரை எழுதித் திருப்பித் தர வேண்டும். விடைத்தாளைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை மாணவர் பத்திரப்படுத்துவது இம்முறையில் இன்றியமையாதது.

முதற்பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும், ஒரே அளவுத் தாள், இறுதி நாள், ஒப்புகைச் சீட்டு, கருத்துரையுடன் திருப்பித் தருதல் என அஞ்சல்வழிக் கல்வி உருவாக்கிய ஒழுங்குகளே பின்னர் வந்த கணினி முறைகளிலும் வேறு பெயர்களில் இடம்பெறுகின்றன.

கடலூர் மாவட்டச் சூழல்

முந்தைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டபோது கடலூர் தனி மாவட்டத்தின் தலைநகரானது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 26,05,914. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இவ்விரு நகரங்களைச் சுற்றி மீனவர் குடியிருப்புகள், நெல் வயல்கள் சூழ்ந்த சிற்றூர்கள், பிச்சாவரம் சுரபுன்னைக் காடுகளை ஒட்டிய குடியிருப்புகள், கொள்ளிடக் கரையோரத் திட்டுக் கிராமங்கள் ஆகியவை உள்ளன. ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்களுள் ஒருவர் வீட்டில் கணினி இருக்கலாம். இன்னொருவர் வீட்டில் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரே செல்லிடத் தொலைபேசி மட்டும் இருக்கலாம்.

மாவட்டம் இயற்கை இடர்களுக்கும் அடிக்கடி உள்ளாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலோர ஊர்களைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து பல ஊர்கள் நீண்ட நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துத் தென்பெண்ணையாற்றின் வெள்ளம் கடலூர்ப் பகுதிகளில் புகுந்தது.

இந்நிகழ்வுகளால் ஒப்படைப்பு முறைகளுக்கு இருவேறு படிப்பினைகள் கிடைக்கின்றன. வெள்ளத்தில் நனைந்த குறிப்பேட்டை மீட்க இயலாது, வேறோர் இடத்தில் சேமித்த கோப்பை மீட்கலாம் என்பது ஒன்று. மின்சாரமும் இணையமும் இல்லாத நாட்களில் கோப்பினால் பயனில்லை, தாளும் எழுதுகோலும் பயன்படும் என்பது மற்றொன்று. ஆகவே இங்கு ஒரே முறையை மட்டும் நம்பியிருப்பது பொருந்தாது.

வழங்கலுக்கான அரசின் ஏற்பாடுகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று, அரசு, அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களின் மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2017 செப்டம்பர் 5 அன்று இந்திய அரசின் தீக்சா தளம் தொடங்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. செல்லிடத் தொலைபேசியால் அவற்றை வருடினால் தொடர்புடைய காணொளியும் பயிற்சியும் திறக்கும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன.

மடிக்கணினியையும் ஆய்வகத்தையும் தவிர மற்றவை பெரும்பாலும் வழங்கல் வழிகளாகும். தொலைக்காட்சி ஆசிரியர் வினா கேட்கலாம், ஆனால் விடை அவரிடம் திரும்பாது. பாடநூலின் குறியீடு பயிற்சியைத் திறக்கும், ஆனால் மாணவர் குறிப்பேட்டில் எழுதியது வகுப்பாசிரியரைச் சேராது. பெறும் வழியை ஒவ்வொரு பள்ளியும் ஆசிரியரும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வழிமுறைகள்

உள்ளகப் பிணையமும் விரலியும்

இணையம் இல்லாத கணினி ஆய்வகத்தில் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தால், ஆசிரியரின் கணினியில் இரு பொது அடைவுகளை உருவாக்கலாம். முதல் அடைவில் பணிகள் இருக்கும். மாணவர் அவற்றைப் படிக்கவும் படியெடுக்கவும் முடியும், மாற்ற முடியாது. இரண்டாவது அடைவில் மாணவர் தம் கோப்பை இட முடியும், பிறர் இட்டதைத் திறக்க முடியாது. இந்த உரிமைகளைச் சரியாக அமைத்தால், விலை கொடுத்து மென்பொருள் வாங்காமலே வழங்குதலும் பெறுதலும் நிறைவேறும்.

விரலி எனப்படும் நினைவகக் குச்சியின் மூலம் கோப்புகளைத் திரட்டுவதும் பரவலாக உள்ளது. ஒரு விரலி பல கணினிகளில் செருகப்படுவதால் நச்சுநிரல் பரவுவது இதன் முதன்மைக் குறை. கோப்புகளை மறைத்து, அவற்றின் இடத்தில் பொய்யான குறுக்குவழிகளைக் காட்டும் நச்சுநிரல்கள் ஒப்படைப்புகளே அழிந்துவிட்டன என்ற தோற்றத்தை ஏற்படுத்துவதுண்டு.

மின்னஞ்சல்

மின்னஞ்சலில் அனுப்பிய நாளும் நேரமும் பதிவாகின்றன. அனுப்பியதற்கான படி மாணவரிடமும் இருக்கும். கருத்துரையை மறுமொழியாகவே அனுப்பலாம். ஆயினும் ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரின் அஞ்சல் பெட்டியில் நூற்றுக்கணக்கான மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். பல சேவைகளில் இணைப்பின் அளவுக்கு வரம்பும் உண்டு. ஜிமெயிலில் அது 25 மெகாபைட்டு. தலைப்பு வரியில் வகுப்பு, பாடம், பதிவெண் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதுமாறு கூறி, அதற்கேற்ப வடிகட்டி அமைத்தால் மடல்கள் தாமே உரிய அடைவுக்குச் செல்லும். கல்லூரி மாணவர்களுக்கு இம்முறை பொருந்தும். மின்னஞ்சல் முகவரி இல்லாத பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாது.

வாட்சப்பு

2009 ஆம் ஆண்டில் வெளியான வாட்சப்பு தமிழ்நாட்டில் மிகப் பலரும் அறிந்த செயலி. அதைப் பயன்படுத்தத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆசிரியர் வகுப்புக் குழுவில் பணியை இடுவார். மாணவர் குறிப்பேட்டில் எழுதி, ஒளிப்படம் எடுத்து அனுப்புவார். இதில் கவனிக்க வேண்டியவை சில.

- விடைகளைக் குழுவில் இடச் செய்தால் முதலில் அனுப்பியவரின் விடையைப் பிறர் பார்த்து எழுத இயலும். மதிப்பெண்ணும் திருத்தமும் அனைவர் முன்னிலையிலும் வெளிப்படும். எனவே வழங்கக் குழுவையும், பெறத் தனி உரையாடலையும் பயன்படுத்துவது ஏற்றது.
- படமாக அனுப்பினால் செயலி அதன் அளவைச் சுருக்கும். சிறிய எழுத்துகளும் வரைபடங்களும் மங்கலாகலாம். ஆவணமாக அனுப்பினால் தெளிவு குறையாது, ஆனால் தரவு மிகுதியாகச் செலவாகும்.
- குழுவில் பிற செய்திகள் வந்துகொண்டே இருப்பதால் பணி மேலே சென்று மறைந்துவிடும். நிருவாகிகள் மட்டும் செய்தியிடும்படி குழுவை அமைப்பது இதற்குத் தீர்வாகும்.
- யார் அனுப்பவில்லை என்பதைச் செயலி காட்டாது. ஆசிரியர் தனியே பதிவேடு பேண வேண்டும்.

அளவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 40 மாணவர்கள் தலா 4 பக்கங்களை, ஒரு பக்கத்திற்கு 3 மெகாபைட்டு அளவில் அனுப்பினால் மொத்தம் 480 மெகாபைட்டு. ஒவ்வொரு பக்கமும் 300 கிலோபைட்டாகச் சுருக்கப்பட்டால் 48 மெகாபைட்டு மட்டுமே. ஐந்து வகுப்புகளைக் கையாளும் ஆசிரியருக்கு முன்னது ஏறத்தாழ இரண்டரை கிகாபைட்டு ஆகிவிடும். அவரது தொலைபேசியின் நினைவகமும் தரவுக் கட்டணமும் இதனால் பாதிக்கப்படும்.

இணையப் படிவங்கள்

கூகுள் படிவம் போன்றவற்றில் வினாக்களை அமைத்து இணைப்பை அனுப்பினால், விடைகள் அனைத்தும் ஒரே விரிதாளில் நேர முத்திரையுடன் வந்து சேரும். கொள்குறி வினாக்களை மென்பொருளே திருத்தும். குறைந்த தரவே போதும் என்பதால் மெதுவான இணைப்பிலும் இயங்கும். நெடிய விடைகளுக்கும், கணிதப் படிமுறைகளுக்கும், வரைபடங்களுக்கும் இவை ஏற்றவையல்ல. கோப்பைப் பதிவேற்றும் வசதியைச் சேர்த்தால் மாணவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும்.

கற்றல் மேலாண்மை அமைப்புகள்

ஒப்படைப்புச் சுற்றின் எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் செய்ய உதவுபவை கற்றல் மேலாண்மை அமைப்புகள். ஆத்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமசு உருவாக்கிய மூடுலின் முதற்பதிப்பு 2002 ஆகஸ்ட் மாதத்தில் வெளியானது. அது கட்டற்ற மென்பொருள். ஒரு கல்லூரி தன் சொந்த வழங்கியில் அதை நிறுவிக்கொள்ளலாம். கூகுள் வகுப்பறை 2014 ஆம் ஆண்டில் வெளியானது. அதில் ஒரு ஆவணத்தை ஒவ்வொரு மாணவருக்கும் தனிப்படியாக வழங்கலாம். யார் ஒப்படைத்தார், யார் தாமதித்தார், யாருடையது திருப்பித் தரப்பட்டது என்பதைப் பட்டியலாகக் காணலாம்.

இந்தியாவில் 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல் திட்டத்தின் இணையவழிப் பாடங்களில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. குறித்த நாளில் வாயில் மூடிக்கொள்ளும். 12 வாரப் பாடத்தில் மிகச் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரி 25 விழுக்காட்டு மதிப்பெண்ணுக்கும், நேரடித் தேர்வு 75 விழுக்காட்டுக்கும் கணக்கிடப்படுகின்றன. சில வாரங்கள் தவறினாலும் மாணவர் முற்றிலும் இழப்பதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. புயல், மழை, மின்தடை ஆகியவை வழக்கமான ஊர்களில் பிற ஒப்படைப்புகளுக்கும் இந்த நெறி பொருந்தும்.

இணையமற்ற தளங்கள்

இணையம் குறைந்த இடங்களுக்கென உருவாக்கப்பட்ட கொலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஒரு சிறு கணினியில் நிறுவி, அருகிலுள்ள கருவிகளைக் கம்பியில்லாப் பிணையத்தால் இணைக்கலாம். பாடமும் பயிற்சியும் அங்கேயே வழங்கப்பட்டு, விடைகளும் அங்கேயே சேரும். இணையம் கிடைக்கும்போது தரவு ஒத்திசைக்கப்படும்.

2020–2022 காலகட்டம்

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டின் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறக்கப்பட்டு மீண்டும் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டாம் வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்சப்புக் குழுக்கள் வழியாகப் பயிற்சித் தாள்களை அனுப்பினர்.

மாணவரின் பணிகளைப் பெற்றுப் பதிவுசெய்து வைப்பது எவ்வளவு முதன்மையானது என்பதை இக்காலம் காட்டியது. 2020 ஜூன் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டபோது, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்து மதிப்பெண் வழங்க முடிவு செய்யப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டது. அப்போது பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. அதுவரை பள்ளியளவில் நின்ற பதிவேடுகளே ஒரு மாணவரின் உயர்கல்வியைத் தீர்மானிக்கும் சான்றுகளாயின.

கல்லூரிகளில் வேறொரு கலப்பு முறை உருவானது. இணையவழியில் வெளியிடப்பட்ட வினாத்தாளைப் பார்த்து மாணவர் வீட்டில் ஏ4 தாளில் விடையெழுதி, வருடிப் பதிவேற்றி, மூலத்தாளை விரைவு அஞ்சலிலும் அனுப்பினர். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த பருவத்தேர்வுகளிலும் பல பல்கலைக்கழகங்கள் இம்முறையைப் பின்பற்றின. நாற்பதாண்டுகளுக்கு முன் தொலைதூரக் கல்வி நம்பியிருந்த அஞ்சல் நிலையம் மீண்டும் தேவைப்பட்டது.

பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் மாதத்தில் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. தன்னார்வலர்கள் மாலை வேளையில் குழந்தைகளின் குடியிருப்புகளிலேயே அவர்களைக் கூட்டிப் பயிற்றுவித்தனர். விடை ஆசிரியரைத் தேடி வர இயலாத இடத்தில், கற்பிப்பவர் விடையைத் தேடிச் செல்லும் வழியாக இதனைக் கொள்ளலாம்.

தமிழ் எழுத்துருச் சிக்கல்

தமிழில் தட்டச்சிட்ட ஒப்படைப்புகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியேற்றம் கொண்டவை. மாணவர் பாமினியில் தட்டச்சிட்ட கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத ஆசிரியரின் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். மாணவர் உழைத்து எழுதியிருப்பினும் ஆசிரியரால் படிக்க இயலாது.

1999 ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும் தாப், தாம் குறியேற்றங்களும் தரப்படுத்தப்பட்டன. 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துத் தமிழ்க் குறியேற்றமான தேசு16-ஐயும் தரங்களாக ஏற்றது. இன்று ஒப்படைப்புகளை ஒருங்குறியில் பெறுவதே முறை. ஒருங்குறிக் கோப்பு எந்தக் கருவியிலும் திறக்கும், அதனுள் தேடலாம், பிழை திருத்தலாம். வடிவமைப்பு மாறாதிருக்க வேண்டுமாயின் பி.டி.எஃப் கோப்பாக மாற்றி அனுப்பலாம்.

தட்டச்சுப் பயிற்சி இல்லாத மாணவருக்குக் கையெழுத்தே இயல்பான வழி. பகல் வெளிச்சத்தில், தாளைச் சமதளத்தில் வைத்து, நிழல் விழாமல் படமெடுத்து, எல்லாப் பக்கங்களையும் வரிசை பிறழாமல் ஒரே கோப்பாக்குவது நல்லது. மனப்பாடச் செய்யுள், வாசிப்பு, ஆங்கில உச்சரிப்பு ஆகியவற்றிற்கு ஒலிப்பதிவு மிகப் பொருத்தமானது. பார்வைக் குறைபாடு உடைய மாணவர்களுக்கும் அது உதவும்.

பெயரிடலும் பதிவேடும்

செல்லிடத் தொலைபேசியிலிருந்து வரும் கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் எண்களாக இருக்கும். நாற்பது கோப்புகளைத் தரவிறக்கியபின் எது யாருடையது என்று அறிய இயலாது. இதைத் தவிர்க்க ஓர் ஒழுங்கை முதல் நாளே அறிவிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 09அ-017-அறிவியல்-03 என்பது ஒன்பதாம் வகுப்பு அ பிரிவில் 17 ஆம் எண் மாணவரின் மூன்றாவது அறிவியல் ஒப்படைப்பைக் குறிக்கும். எண்களைப் பூச்சியத்துடன் ஒரே இலக்க அளவில் எழுதினால் கணினி அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கும்.

ஆசிரியரின் பதிவேட்டில் வழங்கிய நாள், பெற்ற நாள், பெற்ற வழி, திருப்பிய நாள் ஆகிய நான்கு கட்டங்கள் இருந்தால் போதும். பெற்ற நாள் கட்டம் தொடர்ந்து மூன்று முறை வெறுமையாக இருக்கும் மாணவருக்கு வழி இல்லை என்று ஐயுற இடமுண்டு. அவர் பணியைச் செய்யவில்லை என்று முடிவு செய்யுமுன் விசாரிப்பது ஆசிரியரின் கடமை. பதிவேட்டின் மற்றொரு படியை வேறோர் இடத்தில் வைத்திருப்பது இடர்க்காலத்தில் உதவும்.

இறுதி நேரம்

இறுதி நேரத்தைக் குறிப்பதும் மாணவரின் சூழலோடு தொடர்புடையது. கிள்ளை, முடசலோடை, தேவனாம்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் தொலைபேசி கடலுக்குச் சென்ற தந்தையிடம் இருந்தால், நண்பகல் இறுதி நேரம் அந்த மாணவரை விலக்கிவிடும். இரவு 9 மணி அல்லது மறுநாள் காலை என வைத்தால் அதே மாணவர் அனுப்ப இயலும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாட்களிலும் புயல் எச்சரிக்கை நாட்களிலும் இறுதி நாள் தானாகத் தள்ளிப்போகும் என முன்னரே அறிவிப்பது தேவையற்ற அச்சத்தைத் தவிர்க்கும்.

திருத்துதலும் திருப்பித் தருதலும்

தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கு முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் அறிமுகமாயின. அதில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. வளரறி மதிப்பீட்டின் நோக்கம் மாணவர் கற்றுக்கொண்டிருக்கும்போதே குறையைக் கண்டு சரிசெய்வதாகும். திருப்பித் தரப்படாத ஒப்படைப்பு இந்நோக்கத்தை நிறைவேற்றாது.

திரையில் திருத்தும் வசதி இல்லாதவர்கள் கையாளத்தக்க எளிய வழிகள் உள்ளன. பொதுவாக நேர்ந்த பிழைகளைத் தொகுத்து வகுப்பு முழுமைக்கும் ஒரே குறிப்பாக அனுப்பலாம். தனிப் பிழைகளை அரை நிமிட ஒலிச்செய்தியாகச் சொல்லலாம். ஒவ்வொரு முறையும் வகுப்பில் நான்கில் ஒரு பங்கினருக்கு விரிவான கருத்துரையும் மற்றவர்களுக்குச் சுருக்கமான குறிப்பும் தந்தால், நான்கு ஒப்படைப்புகளில் அனைவரும் விரிவான கருத்துரை பெற்றுவிடுவர்.

நேர்மையும் தனியுரிமையும்

எண்ணிமக் கோப்பைப் படியெடுப்பது எளிது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டில் கருத்துத்திருட்டைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின் மென்பொருளே கட்டுரை எழுதித் தரும் நிலை உருவானது. இதற்கு ஓரளவு தீர்வு வினாவிலேயே உள்ளது. அலையாத்திக் காடுகளின் பயன்களை எழுதுக என்ற வினாவுக்கு எங்கிருந்தும் விடை எடுக்கலாம். உன் ஊருக்கு அருகிலுள்ள நீர்நிலையின் கரையில் கண்ட மூன்று தாவரங்களை வரைந்து, வீட்டில் மூத்தவரிடம் அவற்றின் பெயரைக் கேட்டு எழுதுக என்ற வினாவுக்கு மாணவர்தாம் விடை தேட வேண்டும்.

பெயர், தொலைபேசி எண், படம், மதிப்பெண் ஆகியவை மாணவரின் தனிப்பட்ட தரவுகள். இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைப் பொதுவிதியாக வைக்கிறது. மாணவிகளின் தொலைபேசி எண்கள் குழுவிலுள்ள அனைவருக்கும் தெரிவதும் கவனிக்கத்தக்கது. பெற்றோரின் எண்ணைப் பயன்படுத்துவதும், மதிப்பெண்களைத் தனியே அனுப்புவதும் பாதுகாப்பானவை.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

வழிமுறைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வரும் வினாக்கள் உதவும்.

- வகுப்பில் மிகக் குறைந்த வசதியுடைய மாணவர் எவ்வழியில் விடை அனுப்ப இயலும்?
- அவ்வழியும் அடைபட்டால் தாளில் எழுதிக் கொடுக்கும் வழி உள்ளதா?
- விடை வந்து சேர்ந்தது என்பதை மாணவர் எவ்வாறு அறிவார்?
- திருத்திய பணி எத்தனை நாட்களில் அவரிடம் திரும்பும்?

அனைவரிடமும் கணினியும் இணையமும் உள்ள கல்லூரி வகுப்பில் கற்றல் மேலாண்மை அமைப்பு ஏற்றது. ஆய்வகம் மட்டும் உள்ள பள்ளியில் உள்ளகப் பிணையம் போதும். தொலைபேசிகள் பகிரப்படும் ஊரில், பணியை வாட்சப்பில் வழங்கி, விடையைப் படமாகவோ குறிப்பேடாகவோ பெறும் கலப்பு முறை பொருந்தும். கலப்பு முறையில் தாளில் வந்த விடைக்கும் கோப்பாக வந்த விடைக்கும் ஒரே மதிப்பெண்ணும் ஒரே கருத்துரையும் கிடைக்க வேண்டும். இல்லையெனில் மதிப்பீடு மாணவரின் அறிவை விடுத்து அவரது கருவியை அளப்பதாகிவிடும்.

இவற்றையும் பார்க்க

- தொலைதூரக் கல்வி
- அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
- கற்றல் மேலாண்மை அமைப்பு
- கல்வித் தொலைக்காட்சி
- இல்லம் தேடிக் கல்வி
- தமிழ்99
- கடலூர் மாவட்டம்